முதல் மடக்கு

மலர்வளையம் வாசலுக்குள் நுழைய மறுத்தது. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அதை நேராக வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கடைசியில் பரணில் பெட்டி ஏற்றுகிறவர் போலச் சாய்த்து உள்ளே தள்ளினார். நாலைந்து பூக்கள் உதிர்ந்தன. ரிப்பனில் அனுதாபம் சிறிய எழுத்திலும் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்திலும் இருந்தன.

"பாடிய எங்க வச்சிருக்கு?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆஸ்பத்திரி குளிர் அறையில சார். நாளைக்குத்தான் எடுக்கறோம்," என்றாள் தங்கை.

இறந்தவர் அவள் அண்ணன். கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் கண்ணாடி வெட்டியவர். விடியற்காலையில் போய்விட்டார். அவள் அதிகாரியின் கிடங்கில் பதினோரு வருஷமாகப் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறாள். வாயைத் திறந்தாலே சட்டத்தில் அந்தப் பிரிவு, இந்தப் பிரிவு என்று ஆரம்பிப்பதால், கிடங்கில் அதிகாரிக்குப் 'பிரிவு ஏழு' என்று பெயர்.

"மனசைத் தேத்திக்கம்மா," என்று பிரிவு ஏழு இரண்டு நிமிஷம் கண்களை மூடி நின்றார். பிறகு பையைத் திறந்து, மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"ஐயோ, டம்ளர் எல்லாம் எதுக்குங்க? நானே டீ கொண்டாறேன்," என்றாள் அண்ணி.

அதிகாரி சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். "போதைப்பொருள் பரிசோதனைங்க. சிறுநீர் எடுக்கணும். இன்னிக்குக் கம்ப்யூட்டர் எடுத்த பட்டியல்ல உங்க நாத்தனார் பேரு வந்துடுச்சு."

"சார், நான் பத்து நாளா லீவுல இருக்கேன்."

"பேரு வந்த அன்னிக்கே எடுக்கணும்மா. மறுத்தா, போதை இருந்ததாத்தான் அர்த்தம். தெரிஞ்சும் வண்டி ஓட்ட விட்டா சட்டப்படி முதலாளி மேல கேஸு. முதலாளி என் தலையில கட்டுவாரு."

"வீட்ல சாவு விழுந்திருக்கு சார்."

"விலக்கு இருக்கு. பணியாளர் இறந்தா மட்டும். அண்ணன்னா கிடையாது."

அவள் கோப்பையோடு குளியலறைக்குப் போனாள். அண்ணி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். எந்தெந்தப் போதைப்பொருளைத் தேடுவார்கள் என்று தங்கைக்குத் தெரியும். கிடங்குச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் நாலாவது வரி மார்பின். அண்ணனின் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் அதுதான்.

அண்ணன் கசப்புக்குப் பரம எதிரி. சின்ன வயதிலிருந்தே தங்கை ஒரு மடக்கு குடித்தால்தான் அவரும் குடிப்பார். ஒரு தடவை அவள் கன்னத்தில் அடக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் துப்பினாள். அன்றிலிருந்து கண்ணாடியில் கீறல் தேடுகிற கண்ணோடு அவள் தொண்டையையே பார்ப்பார். "ஏறி இறங்கணும்டி. எனக்குத் தெரியணும்." இந்தப் பத்து நாளும் அதே கதைதான். அண்ணி கொடுத்தால் வாய் திறக்கவில்லை. இன்று காலை நாலரைக்கும் அவள் தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் குடித்தார்.

"என்னோடத ஊத்திக் கொடுத்துடலாம்," அண்ணி கிசுகிசுத்தாள். "எனக்குச் சர்க்கரை மட்டுந்தான். சர்க்கரைக்கெல்லாம் சட்டம் போட மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் தடவை. கோப்பையின் மூடியை இறுக்கினாள்.

"வேணாம் அண்ணி. ஒரு தடவை ஏமாத்தினதுக்கே நாப்பது வருஷம் நம்பல அவன்."

காலிக் கோப்பையோடு வெளியே வந்தாள். "வரல சார். படிவத்தைக் கொடுங்க, அதையாச்சும் எழுதிடறேன்."

'கடந்த ஏழு நாளில் உட்கொண்ட மருந்துகள்' என்ற இடத்தில் 'மார்பின்' என்று எழுதினாள். 'காரணம்' என்ற இடம் ஒரு விரல் அகலம்தான். 'அண்ணன் குடிப்பதற்காக' என்று நெருக்கி எழுதினாள்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"இத எழுதாதம்மா. வேற படிவம் தர்றேன். ரிசல்ட் வரட்டும், அப்புறம் ஏதாச்சும் சொல்லிக்கலாம். டாக்டர் சீட்டு உன் பேர்ல இல்லியே, வேலை போயிடும்."

"கேட்டிருக்காங்களே சார்."

அவர் எந்தப் பிரிவையும் சொல்லவில்லை. படிவத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு தானே எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினார்.

"குடிம்மா. அவசரம் ஒண்ணுமில்ல."

அவள் வாங்கிக்கொண்டாள். விரிப்பு எடுத்த அண்ணனின் கட்டிலில் தலையணையின் பள்ளம் இன்னும் நிமிரவில்லை. அவள் அந்தப் பக்கமாகத் திரும்பி, முகவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, நிதானமாக ஒரு மடக்கு விழுங்கினாள்.