இன்னும் எட்டு நாள்

அனிட்டாவின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, வாசற்படியிலிருந்து தெருவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான் ஆன்டோ. அவள் கொண்டுவந்த மெழுகுவர்த்திக் கட்டு பிரிந்து மண்ணில் உருண்டது. சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த சித்தி என்ற நினைப்பெல்லாம் அவனுக்கு எங்கே இருக்கிறது? சிங்கப்பூரிலிருந்து விடியற்காலை திருச்சியில் வந்து இறங்கி, போட்டிருந்த பேண்ட்டைக்கூட மாற்றாமல் நேரே பிணவறைக்குப் போய், அறுத்துத் தைத்த அப்பாவை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

“கொலகாரன் பொண்டாட்டிக்கு எங்க வீட்டு வாசல்ல என்னடி வேல?”

“அடிச்சுக்கடா ஆன்டோ, எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்க. மாமா மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்.”

“பாக்குறதுக்கு மொகம்தான் இருக்கு. கழுத்து எங்கடி இருக்கு?”

கேட்டுவிட்டு ஓங்கி ஓர் உதை விட்டான். சுவரில் சாத்தியிருந்த சைக்கிள்மேல் போய் விழுந்தாள் அனிட்டா. சைக்கிளோடு சேர்ந்து சரிந்தாள். தடுக்க ஒரு நாதி இல்லை. வேடிக்கை பார்க்க மட்டும் தெருமுனை வரைக்கும் கூட்டம் நின்றது.

உள்ளே பெட்டியில் ஆன்டோவின் அப்பா ரெமிஜியஸ் கிடந்தார். காதுக்குக் கீழிருந்து தோள்வரை பஞ்சும் துணியுமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி சவரியம்மாள். வெளியே ஓரகத்தி அலறுவது நன்றாகவே கேட்டது, ஆனாலும் அசையவில்லை. சுவரோரம் எல்சி நின்றாள். ரெமிஜியஸின் செல்ல மகள், நெல் ஆராய்ச்சி படிக்கிற மகள். ஒரு விஷயத்தை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். நேற்றென்ன நேற்று, பன்னிரண்டு நாளைக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ரெமிஜியஸும் அனிட்டாவின் புருஷன் வேதநாயகமும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. பாகம் பிரித்தபோது வாய்க்காலை ஒட்டிய மேல்வயல் அண்ணனுக்கு வந்தது, கீழ்வயல் தம்பிக்கு. மேல்வயலில் பாய்ந்துதான் கீழ்வயலுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான் இறங்கியது. ஒரு நாள்கூடத் தகராறு வந்ததில்லை.

இந்தச் சம்பாவுக்கு அந்த மேல்வயலைத்தான் எல்சி கேட்டாள். வறட்சி தாங்குகிற நெல்லைத் தேடும் ஆராய்ச்சி. நாற்பது ரகம், ரகத்துக்கு மூன்று வரிசை. கதிர் வெளியே வரும் நேரத்தில் இருபத்தோரு நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். “ஒரு சொட்டு கசிஞ்சாக்கூட அத்தனையும் வீண்ப்பா” என்று அவள்தான் சொன்னாள். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், உச்சி வெயிலில் வரிசை வரிசையாகக் குனிந்து, இலை எவ்வளவு சுருண்டிருக்கிறது என்று பார்த்து மார்க் போடக் கற்றுக்கொண்டுவிட்டார். டீக்கடையிலும் அதே பேச்சுதான். “பதினேழாம் நம்பரு வெறப்பா நிக்கிதுய்யா. நாளைக்கி மேட்டூர்ல சொட்டுத் தண்ணி இல்லாட்டியும் அது நிக்கும். எம்மவ கண்டுபிடிச்சது.”

காயப்போட்ட இரண்டாம் நாளே சாரங்கபாணி சார் எல்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளுடைய பேராசிரியர். திட்டத்தை நிறுத்தியாயிற்று, பணத்தை ஒரு கம்பெனியோடு சேர்ந்து செய்கிற வீரிய ஒட்டு ரகத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“பணம் எங்க இருக்கோ கேள்வியும் அங்கதாம்மா இருக்கும். இனிமே எவன் சேத்துல எறங்கிக் கதிர எண்ணப்போறான்? எல்லாம் ஜீனு, கம்ப்யூட்டருன்னு ஆயிருச்சு. நானே இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு. ஒங்கப்பாகிட்ட தண்ணி விடச் சொல்லிரு. நீ ஜப்பானுக்குப் போற வழியப் பாரு.”

ஜப்பானுக்குத்தான் அவளும் வழி பார்த்தாள். அங்கே ஓர் ஆய்வகத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சொந்தமாக வயலில் எடுத்த புள்ளிவிவரம் இருந்தால் இடம் கிடைப்பது சுலபம் என்று பதில் வந்திருந்தது. திட்டம் போனால் போகட்டும், வயல் இருக்கிறதே, இன்னும் பத்தொன்பது நாள்தானே என்று நினைத்தாள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அவர் எப்போதும்போல வெயிலில் குனிந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள்தான் நேற்று. முறை வைத்துத் திறந்துவிடும் தண்ணீர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது, மறுநாள் அடைத்துவிடுவார்கள். வாய்க்காலில் ஓடியது கணுக்கால் அளவுதான், இஞ்சின் வைத்து இறைக்கவும் வழியில்லை. கீழ்வயலில் நெல் பால் பிடிக்கிற பருவம், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான்கு நாளாகக் கெஞ்சிப் பார்த்த வேதநாயகம் காலையில் மம்பட்டியோடு வந்தார்.

“அண்ணே, கால்ல வேணா விழுறேன். ஒரு நாள் தண்ணி போதும்.”

“எட்டு நாள் பொறுடா.”

“எட்டு நாள்ல அம்புட்டும் பதராப் போயிரும்ணே! நாளைக்கி வரப்போற நெல்லுக்காக இன்னிக்கி நிக்கிற நெல்லு சாவணுமா?”

ரெமிஜியஸ் திரும்பி மகளைப் பார்த்தார். தம்பியும் அவளைத்தான் பார்த்தார்.

“நீ சொன்னா கேப்பாரு. சொல்லு பாப்பா.”

அடிப்பாவி, அப்போதாவது வாயைத் திறந்தாளா? நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இன்னும் எட்டு நாள்தானே சித்தப்பா” என்றாள்.

வேதநாயகம் மம்பட்டியை வாய்க்கால் வரப்பில் ஓங்கிப் போட்டார். இரண்டே வெட்டு, மடை திறந்துகொண்டது. ரெமிஜியஸ் ஓடிவந்து உடைப்பின் குறுக்கே விழுந்து உடம்பால் அடைத்தார். “எந்திரிண்ணே, எந்திரி!” என்று தம்பி சட்டையைப் பிடித்து இழுக்க, அண்ணன் சேற்றுக் கையால் அவர் முகத்தில் மாறி மாறி அறைந்தார். “எம்மவ படிப்புலயாடா மண்ண அள்ளிப் போடுற, நாயே!” சித்தப்பா மம்பட்டியை ஓங்கியதை எல்சி பார்த்தாள். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அப்பா வலியில் திரும்ப, இரண்டாவது கழுத்தில் இறங்கியது. எலும்பில் மோதிய சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்ட மம்பட்டியை வேதநாயகம் காலை ஊன்றிப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கிய பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்ததுபோல, “அண்ணே, அண்ணே” என்று அந்தக் கழுத்தை இரண்டு கையாலும் பொத்தினார். விரலுக்கிடையில் பீறிட்டு அவர் முகமெல்லாம் தெறித்தது. பிறகு எழுந்து, அந்த மம்பட்டியோடு நீடாமங்கலம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்.

தண்ணீர் அப்பாவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நாற்பது ரகத்துக்குள்ளும் இறங்கியது.

வெளியே தெருவில் பெட்ரோல் வாடை அடித்தது. எல்சி வாசலுக்கு ஓடினாள். ஆன்டோ யாருடைய வண்டியிலிருந்தோ ஒரு கேன் நிறையப் பிடித்துவிட்டிருந்தான். சித்தப்பா வீடு நாலு வீடு தள்ளி, முன்னால் கீற்றுக் கொட்டகை. உள்ளே இரண்டு பெண் பிள்ளைகள் பயத்தில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தார்கள். அனிட்டா அவன் காலைக் கட்டிக்கொண்டு தரையோடு தரையாக இழுபட்டாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது.

“எம்புள்ளைங்கடா! எம்புள்ளைங்க உள்ள இருக்குடா!”

“வேகட்டும். வம்சமே வேகட்டும்.”

எல்சி குறுக்கே போய்க் கேனைப் பிடித்தாள். பெட்ரோல் அவள் புடவையில் கொட்டியது.

“அண்ணா, சித்தப்பா இல்ல. நான்தான்.”

“தள்ளுடி.”

“ஆராய்ச்சிய நிறுத்திட்டாங்கண்ணா. பன்னெண்டு நாளாச்சு. தண்ணி விடச் சொல்லி சார் அன்னிக்கே சொல்லிட்டாரு. நான் அப்பாகிட்ட சொல்லல. சித்தப்பா நேத்து கேட்டப்பகூடச் சொல்லல.”

 ஆன்டோவுக்கு முதலில் பிடிபடவில்லை. கணக்கில் தப்புக் கண்டவன் மாதிரி அவளையே பார்த்தான்.

“அப்ப அப்பா எதுக்குடி போய் மடையில படுத்தாரு?”

“எனக்காக. எனக்கு ஜப்பான் போவணும்னு இருந்துச்சு.”

விட்டானே ஓர் அறை! உதடு கிழிந்தது. அடுத்தது காதோரம். அதற்கடுத்தது எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே விழுந்தவளை வயிற்றிலும் முதுகிலும் மிதித்தான். அவள் கையைக்கூடத் தூக்கவில்லை. கோயில் உபதேசியார் துரைராசு பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்வரை மிதித்தான். அப்புறம் தெருவென்றும் பார்க்காமல் உட்கார்ந்து, “அப்பா, அப்பா” என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினான்.

அனிட்டா தவழ்ந்து எல்சியின் பக்கத்தில் வந்தாள்.

“ஒரு வார்த்தடி. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் இந்நேரம் வீட்ல இருந்திருப்பாங்களேடி.”

எல்சி தலையைத் தூக்கினாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். திரும்பி உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தது. பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். வழியில் யாரும் எல்சியோடு சேர்ந்து நடக்கவில்லை. காதுக்குள் இரைச்சல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். அனிட்டா உள்ளே வரத் துணியாமல் இரும்பு கேட்டுக்கு வெளியே நின்றாள்.

ஆன்டோ முதலில் மண் போட்டான். பெட்டிமேல் அது விழுந்த சத்தத்தில் பெண்கள் கதறினார்கள். சவரியம்மாள் போட்டாள். எல்சி குனிந்து ஒரு பிடி அள்ளினாள். குழிக்கு நேராகக் கையை நீட்டியபோது மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. மண் அவள் காலடியிலேயே சிதறியது.

“நீ போடாத” என்றாள் அம்மா.

 சவரியம்மாள் கேட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அனிட்டா, உள்ள வா. வந்து ஒங்க மாமாவுக்கு ஒரு பிடி மண்ணு போடு.”

அனிட்டா கேட்டைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். ஆன்டோ விலகி வழி விட்டான். எல்சியும் விலகினாள். உள்ளங்கையில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைக்கவும் இல்லை, குழியில் உதறவும் இல்லை.