திரையில் வெளிச்சம் போதவில்லை

என் வீட்டுக்காரரோடு படம் பார்க்கப் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. ஊரெல்லாம் கதாநாயகியைப் பார்க்கும். இவர் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். சுவரின் நிறம் சரியில்லை என்றால் அதோடு அன்றைய படம் முடிந்தது. மானேஜரைத் தேடிப் போய்விடுவார். சண்டை போட்டுவிட்டு வந்து உட்காரும்போது கதை எங்கேயோ போயிருக்கும். "இவன் யாரு, இவ எதுக்கு அழறா?" என்று என் காதைக் கடிப்பார்.

அவர் வேலை அப்படி. எடுத்து முடித்த படத்துக்குக் காட்சி காட்சியாக நிறமும் வெளிச்சமும் திருத்திக் கொடுக்கும் ஸ்டுடியோவில் இருக்கிறார். ஒரு முகத்தில் எவ்வளவு நிழல் விழ வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் சம்பளம். அங்கே அவருக்குக் கழுகு என்று பேர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சில மாதங்களாக அவருக்கு எந்தத் தியேட்டரும் பிடிக்கவில்லை. எல்லாமே இருட்டாம். நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் புகாரை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ப்ரொஜெக்டர் புகார். "லேம்ப் தேஞ்சு போச்சு, மாத்தித் தொலைய மாட்டேங்கிறானுங்க. கரெண்ட் மிச்சம் பண்றேன்னு வெளிச்சத்தக் குறைச்சு ஓட்டுறானுங்க." தலையை ஆட்டி வைப்பேன். அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பு இருக்காது.

போன வாரம் ஸ்டுடியோ முதலாளி இவர் திருத்திய படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ராத்திரிக் காட்சி எல்லாம் பட்டப்பகல் மாதிரி வெளுத்துக் கிடக்கிறதாம். "தியேட்டர்ல இருட்டா ஓட்டுறாங்க, அதனாலதான் ஏத்தி வச்சேன்" என்று இவர் வாதாடியிருக்கிறார். "முதல்ல போய்க் கண்ணக் காட்டிட்டு வா. அதுவரைக்கும் உன் வேலைய வேற ஆள் பார்க்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். நானும் அதையே சொன்னேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கண்ணுல கோளாறுன்னு ஒரு தடவ பேர் வந்துட்டா, அப்புறம் இந்தத் தொழில்ல ஒருத்தன் கிட்ட சேர்க்க மாட்டான். தெரியுமா உனக்கு?"

தெரியும். எனக்கும் அதே பயம்தான். கண் டாக்டரிடம் நான் வாங்கி வைத்த நேரத்தை இரண்டு தடவை என்னிடம் சொல்லாமலே ரத்து செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கிளம்பினோம், படம் பார்க்க அல்ல, தியேட்டர்தான் இருட்டு என்று நிரூபிக்க. மானேஜர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால், மறுநாள் முதலாளி முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்பது இவர் கணக்கு. வாரத்தில் எனக்கு வாய்ப்பதே ஒரு மதியத் தூக்கம், அதுவும் போயிற்று.

படம் தொடங்கிக் கால் மணி ஆகவில்லை. "பாரு, நான் சொன்னேன்ல?" என்றார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தியேட்டர் என்றால் இருட்டாகத்தானே இருக்கும்? ஆனாலும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். இருட்டாக இருக்கட்டும். எனக்கும் இருட்டாக இருக்கட்டும்.

அவர் எழுந்து போனதும் பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏங்க, படம் கொஞ்சம் மங்கலா தெரியுதா உங்களுக்கு?"

"ஆமாங்க. நானும் அப்பவே நினைச்சேன். என் கண்ணாடியத்தான் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன்" என்றாள் அவள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குள் இவர் மானேஜரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கதவோரம் நின்று இருவரும் பேசியது எனக்கும் கேட்டது. மானேஜர் பாவம், ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வந்து என்ன கேட்டாலும் தாங்கிக்கொள்ளும் குரலில் பேசினார்.

"சார், இது ஃபோர் கே ப்ரொஜெக்டர். போன வருஷம்தான் புதுசா போட்டது."

"ஃபோர் கேன்னா திரையில எத்தனை புள்ளின்னுதான் கணக்கு. அந்தப் புள்ளியெல்லாம் இருட்டுல கிடந்தா யாருக்கு என்ன லாபம்? காலையில இந்த ஹால்ல த்ரீடி ஓட்டினீங்களா?"

"குழந்தைங்க படம் ஒண்ணு ஓடிச்சு."

"அதுக்கு லென்ஸ் முன்னால ஒரு ஃபில்டர் வைப்பீங்கல்ல? அத எடுத்தாங்களான்னு ஆபரேட்டரக் கேளுங்க. அது இருந்தா பாதி வெளிச்சத்த முழுங்கிடும்."

மானேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இவர் வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்க்காமல் மானேஜர் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷனுக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் மானேஜர் குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்தார். "சாரி சார். நீங்க சொன்னதுதான் சரி. ஆறு ஹாலுக்கும் ஒரே ஆபரேட்டர். சாயங்காலம் திரும்பவும் த்ரீடி இருக்குதே, எதுக்கு எடுத்து எடுத்து வைக்கணும்னு அப்படியே விட்டுட்டாராம். இதோ எடுத்துடுவார்."

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்த ஒரு வாரமாக மனதுக்குள்ளேயே அவரைக் குருடராக்கி, கையைப் பிடித்துத் தெருவைக் கடத்தி, இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோன குடும்பத்தை நடத்திப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரு கண்ணாடித் துண்டு செய்த வேலை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இவரோ மீசையைத் தடவிக்கொண்டு, "நாளைக்கு முதலாளி மூஞ்சில ஈ ஆடாது பாரு" என்றார்.

அப்போது திரை சட்டென்று வெளுத்தது. முன் வரிசையில் யாரோ "அப்பாடா" என்றார்கள். ராத்திரிக் காட்சி அது. மகள் வீட்டை விட்டுப் போகப் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். அதுவரை அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. இப்போது அவள் பின்னால் இருந்த அறை முழுக்கத் தெரிந்தது: கொடியில் காயும் துணி, மூலையில் ஒரு நாற்காலி, அதில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா. இத்தனை நேரமும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். ஹால் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. பக்கத்துப் பெண்மணி, "ஐயோ, பாவம்" என்றாள்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தேவலாம். ஆனா பாதிதான் சரி பண்ணியிருக்கான்" என்றார். "அவளுக்குப் பின்னால இன்னும் ஒரே கருப்பாக் கிடக்குது. லேம்ப்லயும் கோளாறு இருக்கு. இரு, போய்ச் சொல்லிட்டு வரேன்."

எழுந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஏதாவது பொய் சொல்லலாம்தான். சொல்வதற்கும் தெம்பு இல்லை.

"உக்காருங்க. அந்த நாற்காலியில அவளோட அப்பா உக்காந்திருக்காருங்க."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்து திரையையே வெகுநேரம் பார்த்தார்.

"எந்த நாற்காலி?" என்று கேட்டார்.