ஐந்தாம் மாடிக் கூடை

இன்சாப் அம்மாளின் முழங்கால் கெட்டதற்குக் கூடைதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடை என்ன பாவம் செய்தது! கெய்ரோவில், ஷூப்ரா பகுதியில், அவள் தெருவில் எல்லா பால்கனியிலும் ஒரு கூடை தொங்குகிறது. கயிற்றை விட்டால் கீழே போகும். ரொட்டியோ தக்காளியோ ஏறி வரும். மற்றவர்கள் அவசரத்துக்கு விடுவார்கள். இன்சாப் இரண்டு வருஷமாகப் பிழைப்பையே அதில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாடி, எண்பத்து நான்கு படி, லிப்ட் கிடையாது. கணவர் முஹ்சின் போனதிலிருந்து அவள் கீழே இறங்கவே இல்லை.

கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள். முதலில் அது பொய். உட்கார்ந்தே கிடந்ததில் கொஞ்ச நாளில் நிஜமாகிவிட்டது.

மகள் நக்லா போன வாரம் போனில் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை வரேன்மா. துணிமணிய எடுத்து வை. தந்தாவுல எங்க வீடு தரையோட இருக்கு, படியே கிடையாது. இறங்க முடியாத ஆள அஞ்சாம் மாடியில தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரல."

மகள் சொன்னதில் தப்பு இல்லை. தந்தா நல்ல ஊர். மருமகன் தங்கமானவன், குரலை உயர்த்தக்கூட மாட்டான். ஆனால் அங்கே அவள் யார்? ஒரு ஓரத்து நாற்காலியில் உட்காரும் மாமியார். இங்கே, வெண்டைக்காய்க் குழம்பு என்றால் இன்சாப் கை என்று தெருவே சொல்லும். விரல் நுனி அளவு பிஞ்சு வந்தால் கீழே காய்கறி விற்கும் ரதீபா முதலில் அண்ணாந்து பார்ப்பது ஐந்தாம் மாடியைத்தான். இருபது வருஷப் பழக்கம் அது. அதை எப்படி விட்டுப் போவது?

இந்த நேரம் பார்த்து ரதீபாவுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கூடையில் ஏறி வந்தது, சாண் நீளத்துக்கு முற்றிய வெண்டைக்காய். ஒடித்தால் ஒடியவில்லை, நார் நாராக வளைந்தது.

"ஏ ரதீபா! இது என்ன, கயிறு திரிக்கவா?"

ரதீபா காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று ஜாடை காட்டினாள். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அவளுக்கு மட்டும் கேட்கவில்லையாம்!

இன்சாப் காயைத் திருப்பி இறக்கினாள். அதே காய் திரும்பி ஏறி வந்தது. புதன்கிழமையும் அதே கூத்து. வியாழக்கிழமை எதிர்க்கடை ஸாபிரைக் கூப்பிட்டாள். அவனோ நெஞ்சில் கை வைத்துச் சிரித்தான். "நீங்க ரதீபா வாடிக்கை. உங்க கூடையில நான் கை வச்சா என்னை உரிச்சிடுவா, அம்மா!"

வெள்ளிக்கிழமை காலை. மகளுக்கு ஒரு கடைசிக் குழம்பாவது வைத்துக் கொடுக்கலாம் என்று கூடையை விட்டாள். ஏறி வந்த காயைக் கையில் எடுத்தாள். கத்திகூட இறங்காது போலிருந்தது. இன்சாப்புக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

கோபம் இரண்டு மாடி வரைக்கும் அவளைத் தாங்கியது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது.

முஹ்சினின் உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் இறங்கிய அன்று, பெண்கள் அவளை இந்த இடத்தில்தான் பிடித்து நிறுத்தினார்கள். இதைத் தாண்டி அவள் அவரோடு போகவில்லை. அந்தப் படிக்குக் கீழே காலை வைத்தால், அவர் போனதைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு வருஷமாக அவளுக்குள் ஒரு கிறுக்கு எண்ணம். டாக்டரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து, முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். நன்றாக அழுதாள். கீழேயிருந்து ரதீபா குரல் வந்தது: "பிஞ்சு! பிஞ்சு வெண்டைக்காய்!"

பிஞ்சாமே பிஞ்சு! இன்சாப் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். அடுத்த படியில் காலை வைத்தாள்.

தெருவுக்கு வந்துதான் கைப்பிடியை விட்டாள். பொட்டலத்தை ரதீபாவின் மடியில் கொட்டினாள். "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? மூணு நாளா எனக்குக் குப்பைய அனுப்புற!"

"நாலு நாளு, நக்லாம்மா," என்றாள் ரதீபா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து அவள் முகம் கோணியது. "டாக்டர் சொன்னாரு, நீ அசையல. மக சொன்னா, அசையல. நான் மேல ஏறி வந்து காலைப் பிடிச்சேன், அதுக்கும் அசையல. முத்தின காய்தான் உன்னை இறக்கிச்சு. நீ தந்தா போயிட்டா காலையில என்னைத் திட்ட யாரு இருக்கா, சொல்லு?"

ரதீபா நகர்ந்து இடம் விட்டாள், இன்சாப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தானாகப் பிஞ்சுக் குவியலுக்குள் போய்ப் பொறுக்க ஆரம்பித்தது. வெயில் பாதத்தில் பட்டது. இரண்டு வருஷமாகப் படாத தெரு வெயில்.

அப்படியே பேச்சில் ஆழ்ந்துவிட்டார்கள். நக்லா வந்து இறங்கியதையும், விறுவிறுவென்று படியேறியதையும் இருவருமே பார்க்கவில்லை. சாவி போட்டுத் திறந்து, அறை அறையாகத் தேடி, பால்கனிக்கு வந்து அவள் அலறியபோதுதான் தெரிந்தது.

"அம்மா! அம்மா எங்க இருக்கே!"

"கத்தாதடி, தெருவே பாக்குது!" என்று கீழேயிருந்து இன்சாப் கத்தினாள். "இரு, மேல வரேன்!"

இறங்குவதைவிட ஏறுவது சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். இரண்டாம் மாடியில் நக்லா ஓடி இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"பிடிக்காத. பின்னால வா."

நக்லா பின்னால் வந்தாள். அம்மா ஒரு படி, அவள் ஒரு படி. மூன்றாம் மாடித் திருப்பத்தில் இன்சாப் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்தாள். ஐந்தாம் மாடிக் கதவருகே, கட்டி வைத்த பெட்டியைப் பார்த்தபடி நக்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா... எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"

"உன் இஷ்டம்," என்றாள் இன்சாப், மூச்சு வாங்கியபடி, பொறுக்கிய காயோடு சமையலறைக்குள் நுழைந்துகொண்டே. "ஆனா குழம்பு ஆயிடும், சாப்பிட்டுட்டுப் போ."

நக்லா பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெண்டைக்காய் நறுக்க வந்து உட்கார்ந்தாள்.