இரண்டு முறை உப்புப் போட்ட மல்சூன்

குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட உட்கார்ந்தவர்கள் நால்வர். குழாயடியில் பக்கத்து வீட்டு பில்னாம். அவளுக்கு எதிரே, மிளகாய் விழுது கலந்த சிவப்புத் தொட்டியோடு நான். என் வலப்புறம் என் ஓரகத்தி மல்சூன். வாசல் பக்கம் என் மகள் மிஹ்யே. அவள் தேகு நகர ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நவம்பர் இருபத்திரண்டு, காலை ஒன்பது மணி.

பில்னாம் ஊறிய கோஸிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். உடனே துப்பினாள்.

"அடியே மல்சூன், சமுத்திரத்தையே கொண்டாந்து கொட்டிட்டியா?"

முதல் நாள் சாயங்காலம் உப்புப் போட்டதை மறந்து, விடிந்ததும் மறுபடி போட்டிருக்கிறாள். எண்பது கோஸ்! தெருவுக்கே உப்பு அளவு சொல்கிறவள். நாங்கள் சிரித்தோம். மிஹ்யே சிரிக்கவில்லை.

"சித்தி, தலைவலி இருக்கா?"

"உங்கம்மாகூட இருந்தா யாருக்குத்தான் இல்ல?"

"காலைல வாந்தி?"

மல்சூன் கோஸை அலசினாள். ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, அறுத்து, மருந்து ஏற்றித் தேறியிருந்தாள்.

"அதான் போயிடுச்சே. மாரு எங்க, தலை எங்க?" என்றாள் கடைசியில்.

"ரத்தம் எல்லா இடத்துக்கும் போகுதில்ல? அப்பவே ரெண்டு மூணு புத்துநோய் செல்லு அதுல ஏறித் தலைக்குப் போயி, வருஷக்கணக்கா சும்மா கிடந்துட்டு வளரலாம். மூளைல ரத்தக்குழாய்ச் சுவர் ரொம்ப நெருக்கம். முக்காவாசி மருந்து அதைத் தாண்டாது. பாழாப்போன செல்லு மட்டும் எப்படியோ புகுந்துடும். வேற காரணமாவும் இருக்கலாம் சித்தி, ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். சீக்கிரம் பாத்தா வைத்தியம் இருக்கு."

"சுவரேறிக் குதிக்கிறதா? கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலை!" என்றாள் பில்னாம். மல்சூனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், டாக்டர் கேட்டால் மல்சூன் வாய் திறக்கமாட்டாள். "நல்லா இருக்கேங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று கும்பிட்டு எழுந்து வந்துவிடுவாள். போன மாதமும் அதையேதான் செய்தாள்.

"நீ பேசவே வேணாம். நான் எழுதித் தரேன்" என்று கை கழுவிக் காகிதம் எடுத்தேன். ஒரு வரி எழுதிவிட்டு, அதன் கீழே எனக்குத் தெரிந்ததை அடுக்கினேன். தலைவலி, அக்டோபர் ஒன்பதிலிருந்து. வாந்தி, நான்கு முறை.

"நாலு இல்லக்கா, ஏழு." அவள் தலை நிமிரவில்லை. "இடது கை மரத்துப்போகுது. அதையும் போடு."

நான்கை அடித்து ஏழாக்கினேன், கையையும் எழுதினேன்.

"உப்பு விஷயத்தை மட்டும் எழுதிடாதே. மானம் போயிடும்."

"அதுதான்டி முதல் வரி."

"அப்ப கோஸ் நல்ல கோஸுன்னாவது சேத்துக்கோ!"

சேர்த்தேன். உறையில் போட்டு, விழுதுக்குக் காய்ச்சிய கஞ்சியைத் தொட்டு ஒட்டினேன். பதினோரு மணி தேகு பஸ்ஸில் மிஹ்யே கடிதத்தையும் மல்சூனையும் ஏற்றிக்கொண்டு போனாள்.