ஆக்டோபஸுக்கு வீட்டில் இரண்டு இதயம்

தெருவில் அவனுக்குத் 'தெரியுமா அண்ணன்' என்று பெயர். வாயைத் திறந்தால் முதல் வார்த்தை அதுதான். "தெரியுமா, வெள்ளி கிரகத்துல ஒரு வருஷத்தவிட ஒரு நாள் பெருசு." "தெரியுமா, உலகத்துலயே குட்டிப் போர் ஒரு மணி நேரம்கூட நடக்கல." டீக்கடையில் ஆட்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவன் டீக்கு வேறு யாராவது காசு கொடுப்பார்கள். இப்படிப்பட்ட தங்கமான மனுஷனின் பெண்டாட்டி ஏன் பாதி நாள் கன்னத்தை மூடிக்கொண்டு நடக்கிறாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. பொது அறிவில் அந்தக் கேள்வி வராது போலிருக்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே பிஸ்கட் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு பாக்கெட் உறையிலும் 'தெரியுமா?' என்று தலைப்புப் போட்டு ஒரு தகவல் அச்சடிப்பார்கள். அவன் லாரியில் பெட்டி ஏற்றுகிறவன். அவள் உறைகளைச் சரிபார்க்கும் மேசையில் இருப்பவள். மை ஓடியது, எழுத்து சாய்ந்தது, தகவலே தப்பாக வந்தது எல்லாவற்றையும் பிரித்துக் கழிவுத் தொட்டியில் போடுவது அவள் வேலை. அந்தத் தொட்டியிலிருந்து உறைகளை அள்ளி வந்துதான் ஐயா மேதையானார். எந்த உறை எதற்காகக் கழிக்கப்பட்டது என்று அதன்மேல் எழுதியிருக்காது.

வீட்டில் சாப்பாட்டு நேரம்தான் பரீட்சை நேரம். பதில் தப்பானால் கை நீளும். ஒருநாள் ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டான். மூன்று என்றாள். அவன் உறையில் இரண்டு என்று இருந்தது. "அது தப்பா அடிச்சதுங்க, நான்தான் எடுத்துப் போட்டேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் போன கடைவாய்ப் பல் போனதுதான். அதற்குப் பிறகு ஆக்டோபஸுக்கு அந்த வீட்டில் இரண்டே இதயம்.

அடியை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கப் பழகிவிட்டாள். அவளுடைய பயமெல்லாம் மகளைப் பற்றித்தான். பாப்பா நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். "இனிமே இவளும் பதில் சொல்லணும்" என்று அவன் இரண்டு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. அதனால் பாத்திரம் கழுவும்போதெல்லாம் மகளுக்குப் பாடம் நடந்தது.

"அப்பா கேட்டா எத்தனைன்னு சொல்லுவ?"

"டீச்சர் மூணுன்னு சொன்னாங்கம்மா."

"ஸ்கூல்ல மூணு. வீட்டுல ரெண்டு. மறந்துடாத கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாய் உள்ளே போவதற்குள் அவன் மகள் பக்கம் திரும்பினான்.

"தெரியுமா, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டோரமாக இரண்டு விரலைக் காட்டினாள். பிள்ளையின் வாயிலிருந்து வந்தது மூன்று.

அறை விழுந்த வேகத்தில் பாப்பாவின் தலை சுவரில் மோதியது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சோற்றில் சொட்டியது. அவள் அழக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது? உங்கம்மாவா?" அவன் எழுந்து இடுப்பு பெல்ட்டை உருவினான்.

பெல்ட் முதல் தடவை பாப்பாவின் தோளில் விழுந்தது. இரண்டாவது தடவை விழவில்லை. அடுப்பின் மேல் இருந்த இரும்பு வாணலி எப்படித் தன் கைக்கு வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. பெல்ட் பிடித்த மணிக்கட்டில் வீசினாள். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் கையைப் பார்த்தான். அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. கத்துவதற்குள் முழங்காலில் ஒன்று இறங்கியது. விழுந்தவனின் வாயில் அடுத்தது. பல் ஒன்று தெறித்து ரசத்துக்குள் விழுந்தது. எத்தனையோ வருஷத்து அடியெல்லாம் கணக்கில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது இனித்தது, அதை மறைப்பானேன்? உலகத்தின் குட்டிப் போரைவிடக் குட்டியாக, இந்தப் போர் சோறு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அவன் நெஞ்சில் காலை வைத்து வாணலியை ஓங்கினாள். "சொல்லு. எத்தனை இதயம்?"

"ரெண்டு..." என்று ஆரம்பித்தவன் வாணலியைப் பார்த்தான். "மூணு. மூணுதான். நீ சொன்னா மூணுதான்."

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. அவளுடைய குரல்தான் அது. தினமும் சாப்பாட்டு நேரத்தில், அதே நடுக்கத்தோடு, அவள் சொன்னதெல்லாம் அதுதான்.

கதவை அக்கம்பக்கத்தார் தட்ட ஆரம்பித்தார்கள். "அண்ணே, என்ன சத்தம் அங்க?" இத்தனை வருஷமாக அவள் அலறியபோது வராதவர்கள்.

மகளின் மூக்கைத் துடைக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் அவளுக்கு இருந்தது. சுவரோரம் ஒடுங்கியிருந்த பாப்பாவிடம் போய்க் கையை நீட்டினாள். வாணலி இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.

பாப்பா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"நீ எத்தனைன்னு சொல்றியோ அத்தனைம்மா" என்றாள்.

அம்மா தன் கையைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாணலியைக் கீழே வைக்க முடிந்தது. வெறுங்கையைக் காட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே, தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு கண்ணு. வீட்டுலயும் மூணுதான். நீ சொன்னதுதான் சரி."

பாப்பா கையை எடுக்கவில்லை. வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் அசையாமல், மகள் தானாக வரட்டும் என்று காத்திருந்தாள்.