ஹென்றியின் மேற்படிப்பு

பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் கிடைப்பதற்குள் கேரனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சாமான் இறக்கிக்கொண்டிருந்த லோரி ஒன்று மனமிரங்கி நகர்ந்த பிறகுதான் இடம் கிடைத்தது. காலையிலிருந்து அலைச்சல். முதலில் வங்கி, பிறகு இன்சூரன்ஸ், பிறகு மாடிப்படி ஏறி ஏஜென்டு அலுவலகம். எல்லாமே இரண்டு பேருக்கு. தனக்கு ஒரு தடவை கையெழுத்து, கணவன் ஹென்றிக்காக ஒரு தடவை கெஞ்சல். விசா வந்த பிறகும் இந்தக் காகிதங்கள் ஓய்ந்தபாடில்லை. அடுத்த வாரம் மெல்பர்னுக்கு விமானம்.

கடைசி வேலை ஹென்றியின் கோட்டு. அதையும் அவள்தான் வாங்கிப் போக வேண்டுமாம். ஹென்றி பிசி. டயர் விற்கிற கம்பெனியில், ராஜினாமா கொடுத்துவிட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அப்படி என்ன பிசியோ, அது கடவுளுக்கே வெளிச்சம்.

தையற்கடை நசீருதீன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க தங்கச்சி. சார் கோட்டு ரெடி. எம்.பி.ஏ. படிக்கப் போறவரு, தொளதொளன்னு இருக்கக்கூடாதுன்னு உங்க மாமியார் கண்டிஷனா சொல்லிட்டாங்க. கச்சிதமா தெச்சிருக்கேன்."

கைப்பையில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்த கேரன் நிமிர்ந்தாள்.

"யாரு அண்ணே எம்.பி.ஏ. படிக்கப் போறது?"

"சார்தான்லா! ஆஸ்திரேலியாவுல. நீங்க கூடப் போறீங்களாம்லா, சமைச்சுப் போட. நல்லது தங்கச்சி. ஆம்பள தனியா போனா சாப்பாட்டுக்கு ரொம்ப சூசா, கஷ்டம்."

"அவரா சொன்னாரு?"

"மாமியார்தான் சொன்னாங்க. அளவு எடுக்கறப்போ சாரும் இங்கதானே நின்னாரு. சிரிச்சாரு."

சிரித்தானாம். கேரன் கோட்டை வாங்கிக்கொண்டாள். இந்த மனிதரிடம் கோபித்து என்ன ஆகப் போகிறது? அவர் கோட்டை மட்டும்தான் தைத்தார்.

அந்தப் படிப்பு அவளுடையது. போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனியில், ஷிஃப்டு முடிந்து வந்து கண் எரிய எரியப் படித்து நுழைவுத் தேர்வு எழுதியவள் அவள். முதல் வருடம் எந்தப் பல்கலைக்கழகமும் சீந்தவில்லை. மறுபடி எழுதினாள். நேர்காணலுக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே பிளேசரும் கீழே வீட்டுப் பாவாடையுமாக உட்கார்ந்து பேசி, இடமும் பாதி உதவித்தொகையும் வாங்கினாள். செய்தி வந்த அன்று ஹென்றி அவளைத் தூக்கிச் சுற்றினான். "போலாம்லா, நானும் வரேன். உன்ன அங்க தனியா விட்டுட்டு நான் இங்க என்ன பண்ணப் போறேன்" என்றான். அவன்மேல் அவளுக்கு அன்று வந்த காதல், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஃபெடரல் ஹைவேயில் கார்கள் அசையவில்லை. உட்கார்ந்து யோசிக்க நல்ல வசதி. இத்தனை நாளும் கண்ணுக்கு எதிரே நடந்ததெல்லாம் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாமியார் செசிலியா ஹென்றிக்கு வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தார், அவளுக்கு பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தார். "அவன் படிக்கிற நேரத்துல டிவி போடாதம்மா" என்று ஒருநாள் சொன்னார். மகனும் ஏதோ கோர்ஸில் சேரப் போகிறான் போலும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். மக்கு, மக்கு என்று ஸ்டியரிங்கைக் குத்தினாள். பக்கத்துக் காரில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

ஹென்றி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"மம்மியே அப்படி நெனச்சிக்கிட்டாங்க, கேரன். நான் ஒண்ணும் சொல்லல" என்றான்.

"இல்லன்னும் சொல்லலயே."

"எப்படிச் சொல்றது? 'படிக்கப் போறோம் மம்மி'ன்னுதான் ஃபோன்ல சொன்னேன். அதுக்குள்ள அழுதுட்டாங்க. டிப்ளமோவோட நின்னுட்டேன்னு எத்தன வருஷமா குத்திக்கிட்டு இருந்தவங்க, உனக்கே தெரியும். அன்னைக்கு என்னை 'என் ராசா'ன்னு கூப்பிட்டாங்க. அப்புறம் எப்படி வாயத் திறக்கிறது?"

அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அந்த அம்மாவின் வாய் அவளுக்கும் தெரியும்.

"சரி, ஆபீசுல?"

ஹென்றி சப்பாத்தை அலமாரியில் மிகக் கவனமாக வைத்தான்.

"ஆபீசுலயும் அப்படியே ஆயிடுச்சு."

"அது எப்படி ஹென்றி தானா ஆகும்? உங்க மம்மி ஆபீசுக்கும் வந்து சொன்னாங்களா?"

"பொண்டாட்டி படிக்கப் போறா, நான் வேலைய விட்டுட்டு கூடப் போறேன்னு சொன்னா பசங்க கிண்டல் பண்ணுவானுங்கலா. உனக்குப் புரியாது. ரெண்டு வருஷம்தானே. அங்க போயிட்டா யாருக்கு என்ன தெரியப் போவுது?"

"திரும்பி வந்ததும் பட்டத்த யார் பேர்ல மாட்டுறது?"

அவன் சிரித்தான். அவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே கேரன் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை மம்மி வீட்டுல செபம் இருக்கு. அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடு. நான் சொன்னா நல்லாருக்காது. நீயே சொல்லு."

"சொல்றேன்லா."

"சத்தியமா?"

"சொல்றேன்னா சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில், செசிலியாவின் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. காப்பாரிலிருந்தும் பந்திங்கிலிருந்தும்கூட உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஹென்றி அந்த வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றான். கழுத்தெல்லாம் வியர்வை. ஆளாளுக்கு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கேரனிடம் வந்த பெண்கள், அங்கே தேங்காய்ப்பால் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

அவள் அவனை அடுக்களைப் பக்கம் இழுத்தாள். மாமியார் வீட்டில் மட்டும் அவள் அவனை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுவாள்.

"சொல்லிட்டீங்களா?"

"செபம் முடியட்டும். இவ்வளவு பேரு இருக்காங்க, எப்படிச் சொல்றது?"

"நேத்து இருந்தாங்களா இவ்வளவு பேரு?"

"கேரன், ப்ளீஸ்லா. இன்னைக்கு ஒரு நாள்."

ஃபாதர் வந்துவிட்டார். எல்லோரும் எழுந்தார்கள். "ஆண்டவரே, மேற்படிப்புக்காகக் கடல் கடந்து போகும் எங்கள் சகோதரர் ஹென்றியின் அறிவை ஒளிரச் செய்யும், அவருக்குத் துணையாகப் போகும் மனைவி கேரனுக்குப் பொறுமையைத் தாரும்" என்று ஃபாதர் மன்றாடினார். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கூடமே சொன்னது. கேரன் பல்லைக் கடித்துக்கொண்டாள். பொறுமையாம். அது இல்லாமலா இத்தனை நேரம் நின்றுகொண்டிருக்கிறாள்?

செபம் முடிந்ததும் ஃபாதர் ஹென்றியின் தோளில் கை போட்டார்.

"எம்.பி.ஏ.ல எது எடுத்திருக்கீங்க ஹென்றி?"

"பிசினஸ், ஃபாதர்."

"எம்.பி.ஏ.ன்னாலே பிசினஸ்தானே. அதுல எந்தப் பிரிவு?"

ஹென்றி அவளைப் பார்த்தான். வேறு யார் பக்கமும் திரும்பாமல், நேராக அவளையே பார்த்தான். வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று கேட்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"சப்ளை செயின், ஃபாதர்" என்று கேரன் சொல்லிவிட்டாள். நாக்கு அவளைக் கேட்காமலே சொன்னது. "பாரு, எல்லாத்துக்கும் பொண்டாட்டிதான்!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஹென்றியும் சிரித்தான். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

பயணம் போகிறவரை முழங்காலிடச் செய்து, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் சிலுவை வரைவது அந்த வீட்டு வழக்கம். ஹென்றி மாதா படத்தின் முன் முழங்காலிட்டான். செசிலியா ஒரு மெழுகுவத்தியைப் பற்றவைத்துக் கேரன் கையில் கொடுத்தார்.

"இதப் புடிச்சிக்கிட்டு அவன் பக்கத்துல நில்லும்மா. கோட்டுல ஒழுகாம பார்த்துக்க."

கேரன் மெழுகுவத்தியோடு நின்றாள். பார்த்துப் பார்த்து, அலைந்து அலைந்து, அழுது அழுது வாங்கிய பயணம். அதன் ஆசீர்வாதத்துக்கு அவள் வெளிச்சம் காட்ட வேண்டும். ஃபாதர் கட்டை விரலை ஹென்றியின் நெற்றிக்குக் கொண்டுபோனார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மெழுகுவத்தியை மாதா படத்தின் கீழே நட்டுவிட்டு, ஹென்றியின் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"ஃபாதர், படிக்கப் போறது நான். எனக்குத்தான் இடம் கிடைச்சிருக்கு. இவரு என் கூட வராரு. எனக்கும் சிலுவை போடுங்க."

பின்னால் யாரோ "ஆ?" என்றார்கள். ஃபாதர் கையை எடுக்காமலே ஹென்றியைக் கேட்டார்.

"அப்படியா ஹென்றி?"

சொல், சொல், சொல் என்று கேரன் உள்ளுக்குள் கத்தினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாவற்றையும் மன்னித்துவிடுவாள், தையற்கடையை, ஆபீசை, அந்தச் சிரிப்பை, எல்லாவற்றையும்.

ஹென்றி தரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும்தான், ஃபாதர்."

கூடம் மூச்சு விட்டது. "ரெண்டு பேருமா! அப்படிச் சொல்லுங்கலா!" என்று காப்பார்க்காரர் ஒருவர் கை தட்டினார். ஃபாதர் நிம்மதியாக இரண்டு நெற்றியிலும் சிலுவை வரைந்தார். அடுத்து செசிலியா. மகனுக்கு மெதுவாக வரைந்தார். மருமகளின் நெற்றியில் கட்டை விரலை அழுத்தி, மேலிருந்து கீழே இழுத்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"படிக்கப் போறது நீதான்னு எனக்கு எப்பவோ தெரியும். நாலு பேரு முன்னாடி என் புள்ளைய மண்டி போட வெச்சு அவமானப்படுத்துற. நீ படிச்சு என்ன கிழிக்கப் போற?"

"ஆமென்" என்றாள் கேரன். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

காரில் ஹென்றிதான் ஓட்டினான். சிக்னல் விளக்கு சிவப்பாக இருந்த இடத்தில் வாயைத் திறந்தான்.

"சபையில வெச்சு என் மானத்த வாங்கிட்ட."

"உனக்குத்தான் கடைசி வரைக்கும் வழி இருந்துச்சு, ஹென்றி. ஃபாதரே எடுத்துக் கொடுத்தாரு."

"போதும். நான் வரல. நீயே போய்ப் படி. தனியா போனாத்தான் தெரியும்."

இதற்கு முன்பும் இரண்டொரு சண்டையில் அவன் இப்படிச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் கையைப் பிடித்து, சமாதானம் சொல்லி, அவனுக்குப் பிடித்த கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் தாப்பாவ் பொட்டலம் வாங்கிக் கொடுத்து, வழிக்குக் கொண்டு வந்திருக்கிறாள். இன்றைக்கும் அதற்காகத்தான் அவன் காத்திருந்தான். அவளும் வாயைத் திறந்தாள்.

"சரி" என்றாள்.

அவன் திரும்பினான். "சரின்னா?"

"நீ வர வேணாம். நான் போறேன்."

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான். ஹென்றி காரை எடுக்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது. இனி, போகாதே என்பான், அல்லது வருகிறேன் என்பான், குறைந்தது உன்னை விட்டு எப்படி இருப்பேன் என்றாவது கேட்பான் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்போ நான் எல்லார்கிட்டயும் என்ன சொல்றது?" என்றான் ஹென்றி.

கேரன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டாள்.

"அதையாவது நீயே யோசி" என்றாள்.