ஸ்பீக்கருக்குள் ஆடிய பாலம்

கணவனுக்குக் கால் உடைந்து அது ஐந்தாவது வாரம். தொங்குபாலத்தின் கம்பிகளைச் சோதிப்பது அவன் தொழில். பதினொரு வருஷம் அந்த உயரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் நடமாடியவன், வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அவன் தங்கைக்கே ஒரு கட்டத்தில் சிரிப்பு வற்றிப்போனது. அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

"பாலம் நாள் முழுக்க ஆடிக்கிட்டே இருக்கும்மா," என்றான் மனைவியிடம். "வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த ஆட்டம் உடம்புக்குள்ள ஓடும். அதுலதான் தூங்குவேன். இப்ப அது வடிஞ்சுபோச்சு. இந்தக் கட்டில் என்னடான்னா அசைய மாட்டேங்குது."

அவள் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். பேச்சைவிடக் கை முந்தும். கணவனின் சகாவைக் கேட்டாள். அவர் பாலத்தின் பெரிய கம்பியில் அதிர்வுமானியைக் கட்டி, ஒரு மணி நேரம் பதிவு செய்து அனுப்பினார். நாத்தனாரின் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் கட்டிலருகே நகர்த்தி அதைப் போட்டாள். வண்டிகளின் இரைச்சல் கேட்டது. காற்று கேட்டது. கம்பி எங்கோ டிக்கென்று சொடுக்கியது.

கண்ணை மூடிக் கேட்டவன் தலையாட்டினான். "வண்டி இருக்கு, காத்து இருக்கு. பாலத்தைக் காணோமே."

ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பாலம் இருந்தது. மூன்று நொடிக்கு ஒரு தரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஓர் அலை. அப்படியென்றால் போகிற வழியில் யாரோ அதை விழுங்கியிருக்க வேண்டும். யாரென்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரின் ஒலியை வெளியே அனுப்பும் சவுண்ட் கார்டின் வாசலில் காவலுக்கு நிற்கும் இரண்டு பொடிக் கெபாசிட்டர்கள். ஒரே பக்கமாகத் தள்ளும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு விடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. பாலம் அவ்வளவு நிதானமாக அசைந்ததால், அதையும் அந்த மின்சாரத்தோடு சேர்த்து மறித்துவிட்டன.

நாத்தனார் நீச்சல் பயிற்சியாளர். ஈரத் தலையோடு வந்து நின்றாள். "அண்ணி, கார்டை என்ன வேணா பண்ணுங்க. ஸ்பீக்கருக்கு ஒண்ணுன்னா உங்களோட பேச மாட்டேன். ஒரு வருஷம் காத்திருந்து வாங்கினது."

"உன் ஸ்பீக்கருக்கு நான் பொறுப்பு."

"என் காலுக்குக் குளியலறை பொறுப்பு," என்று கட்டிலிலிருந்து கணவனின் குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் நாத்தனார் குளத்துக்குப் போனதும் அவள் கார்டைக் கழற்றினாள். கெபாசிட்டரை எடுத்துவிட்டு வெறும் கம்பியால் இணைத்தால் வேலை சுலபம். ஒரு பக்கத்தில் அப்படி வைத்து, ஸ்பீக்கரை இணைக்காமல் மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தாள். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை வோல்ட். நாத்தனாரின் ஆம்ப்ளிஃபயர் எதையும் தடுக்காத ரகம். அதைப் பெருக்கி அப்படியே அனுப்பியிருக்கும், ஸ்பீக்கருக்குள் இருக்கும் சுருள் வெந்து போயிருக்கும். கம்பியைச் சட்டென்று எடுத்தாள். காவலை நீக்கக் கூடாது, இன்னும் பொறுமையான காவல் வேண்டும். பழையதைப் போல நூறு மடங்கு கொள்ளும் இரண்டு கெபாசிட்டர்களை, பிளஸ் மைனஸ் பக்கம் மாறாமல் பார்த்துப் பற்றவைத்தாள்.

மறுபடி மீட்டர். கம்ப்யூட்டரைப் போட்டதும் முள் துள்ளியது. பிறகு கனவில் இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் படுத்தது. ஆக, அந்தத் துள்ளல் அடங்கும்வரை ஆம்ப்ளிஃபயரைத் தொடக் கூடாது. கம்ப்யூட்டரை அணைக்கும்போதும் அதே துள்ளல் வரும் என்பதால், ஆம்ப்ளிஃபயரைத்தான் முதலில் அணைக்க வேண்டும். போனால் போகிறதென்று ஒரு பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை மாட்டிச் சோதித்தாள். அது சூடாகவில்லை. அதற்குப் பிறகுதான் பெரியவற்றை இணைத்தாள். முப்பது எண்ணிவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஒலியை மயிரிழை மயிரிழையாகக் கூட்டினாள்.

வண்டி இரைச்சலையும் காற்றையும் பதிவிலிருந்து முன்பே வடிகட்டியிருந்தாள், அதனால் சத்தமே இல்லை. ஆனால் ஸ்பீக்கரின் கருங்கூம்பு வெளியே வந்தது. உள்ளே போனது. திரைச்சீலை அதோடு சேர்ந்து விம்மித் தணிந்ததுபோல் இருந்தது. மதிய வெயில் தண்ணீர்போல் சுவரில் மிதந்தது. ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டில் சட்டத்தோடு ஒட்டி வைத்தாள். அவன் உள்ளங்கையைக் கூம்பின் முன்னால் நீட்டினான். காற்று வந்து கையைத் தொட்டுத் திரும்பியது.

"நடுப்பகுதி," என்றான் மெதுவாக. "நடுவுலதான் மானியைக் கட்டியிருக்கான். பெரிய வண்டி ஒண்ணு ஏறுது. பாரு... இறங்கிடுச்சு."

அடுத்த ஏற்றத்துக்குள் கை தளர்ந்து போர்வையில் விழுந்தது. அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அறை முழுவதும் ஏதோ உயரத்தில் தொங்குவதாகவும், கீழே ஆறு அகலமாகப் போவதாகவும் தோன்றியது. தானும் கண் அயர்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

கதவு திறந்த சத்தத்தில் விழித்தாள். நாத்தனார் பையைத் தோளில் மாட்டியபடி, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தமில்லாமல் இப்படித் துடிக்கும் ஸ்பீக்கரை அவள் கண்டதில்லை. "போச்சு! எல்லாம் போச்சு!" என்று கம்ப்யூட்டரின் ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தாள்.

"அதைத் தொடாதே! முதல்ல ஆம்ப்ளிஃபயர்!"

நாத்தனாரின் விரல் ஸ்விட்சில் பட்டும் படாமலும் நின்றது. அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "சூடு இருக்கான்னு நீயே தொட்டுப் பாரு. இல்லைன்னா அப்புறம் திட்டு."

நாத்தனார் பெட்டியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. கையை எடுக்கவில்லை. கூம்பு நான்கைந்து முறை வந்து போயிற்று. அப்போதுதான் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரமா?" கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும். பதிவு முடிஞ்சா மறுபடி தானா ஓடுது."

நாத்தனார் பையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கோபம் போன இடத்தில் என்னவோ யோசனை வந்து குந்தியது.

"அண்ணி, பசங்க எல்லாரும் கரையேறினப்புறமும் எங்க குளத்துல தண்ணி ரொம்ப நேரம் ஆடும். நான் மட்டும் நின்னு பார்ப்பேன். அதையும் பிடிச்சுட்டு வர முடியுமா?"

"அதிர்வுமானி நனையாம பார்த்துக்கிட்டா, ஏன் முடியாது?"

"நனையாம நான் பார்த்துக்கறேன்," என்றாள் நாத்தனார், வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பவள்.